கஷ்ட காலத்தில் கடவுளைத் தேடுபவருக்கு: எங்கே தொடங்குவது?

என் தம்பி ஒரு விபத்தில் அடிபட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 நாட்கள் கிடந்தான். அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நான் மனதாரக் கும்பிட்டதாக ஒரு நாள்கூட நினைவில் இல்லை. அந்த 19 நாட்களும் கும்பிட்டேன். அவன் பிழைக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "வேண்டினேன், கிடைத்தது" என்ற அனுபவத்தைத் தேடி வந்தவருக்கு என்னிடம் கொடுக்க அது இல்லை. ஆனால் கேட்டது கிடைக்காமல் போன பிறகும் இறைநம்பிக்கை எனக்கு ஒரு பிடியாக இருந்தது. இன்றும் இருக்கிறது. அது எப்படிக் கைக்கு வந்தது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நோய், சாவு, கடன், பறிபோன வேலை, முறிந்த உறவு என்று உங்கள் கஷ்டம் எதுவாகவும் இருக்கலாம். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும் தம் வழிபாட்டை மாற்றாமலே இதைச் செய்யலாம். நான் சைவ வீட்டில் பிறந்தவன். அந்த நாட்களில் எனக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் முஸ்லிம். அவர்களிடம் நான் கற்றதும் இதில் வரும்.

"இத்தனை நாள் வராமல் இப்போது மட்டும் வரலாமா?"

புதிதாக வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துகிற முதல் கேள்வி இதுதான். நல்லபடியாக இருந்தபோது எட்டிப் பார்க்காதவன், அடிபட்டதும் ஓடி வந்து நிற்பது சுயநலம் இல்லையா என்று கூசுகிறது. எனக்கும் கூசியது.

அப்பர் எப்படி வந்தார் என்று யோசித்துப் பாருங்கள். சூலை நோய் வயிற்றைப் பிடுங்கித் தாங்க முடியாமல் போனபோதுதான் அக்கா திலகவதியாரைத் தேடிப் போனார். அக்கா "இப்போதுதான் வழி தெரிந்ததா?" என்று கேட்டதாக யாரும் எழுதி வைக்கவில்லை. திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அங்கே அவர் பாடிய முதல் பதிகமே, வலி தாங்காத ஒருவரின் முறையீடு. தேவாரத்தில் ஒரு பெரும்பகுதியைத் தந்தவரே வயிற்று வலியோடு வந்தவர்தான். கஷ்டத்தில் வருவது குறுக்கு வழி இல்லை. பெரும்பாலான பேர் வந்த பொது வழியே அதுதான். அந்தக் கூச்சத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

தொடங்கும் முன் இன்னொரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்வோம். தமிழில் "நம்பிக்கை" என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. கடவுள் இருக்கிறார் என்பதும் நம்பிக்கை, விடியும் என்பதும் நம்பிக்கை, ஒருவரை நம்பி நம்மை ஒப்படைப்பதும் நம்பிக்கை. கிறிஸ்தவத் தமிழ் முதலாவதை விசுவாசம் என்றும் இரண்டாவதை நம்பிக்கை என்றும் பிரித்துச் சொல்லும். முஸ்லிம்கள் முதலாவதை ஈமான் என்றும், ஒப்படைப்பதைத் தவக்குல் என்று தனியாகவும் சொல்வார்கள். வைணவத்தில் அதற்குச் சரணாகதி என்று பெயர். நாம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். "எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அப்படியானால் எனக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை போலிருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அப்படி முடிவு கட்ட வேண்டாம். தோன்றுவதும் தோன்றாததும் நம் கையில் இல்லை. ஒப்படைப்பது ஒரு செயல். கால் நடந்து போய் நிற்கலாம், வாய் ஒரு வரியைச் சொல்லலாம், கை கூப்பலாம். மனம் பின்னால் மெதுவாக வரட்டும். இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்தில் நிற்பவை.

முதல் படி: சாப்பிடுங்கள், தூங்குங்கள்

வேண்டுதலைப் பற்றிப் பேசாமல் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்கலாம். பைபிளில் எலியா என்ற தீர்க்கதரிசியின் கதை இருக்கிறது. உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்குள் ஓடி, ஒரு செடியின் அடியில் உட்கார்ந்து, "போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்கிறார். அதற்குக் கடவுளிடமிருந்து வந்த பதில் உபதேசம் இல்லை. தூங்கவிடுகிறார். பிறகு ஒரு தேவதூதன் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பிச் சாப்பாடு. கடவுள் அவரோடு பேசுவது அதற்கெல்லாம் பிறகு, 40 நாள் நடந்து மலைக்குப் போன பின்புதான்.

என் தம்பி கிடந்த நாட்களில் நான் இதற்கு நேர்மாறாக நடந்தேன். சாப்பிடாமல் இருந்தால் என் வேண்டுதலுக்கு வலு கூடும் என்று ஏதோ ஒரு கணக்கு எனக்குள் ஓடியது. ஐந்தாம் நாள் மருத்துவமனை நடைபாதையிலேயே மயங்கி விழுந்தேன். என்னைக் கவனிக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டதுதான் மிச்சம். விரதம் நல்ல சாதனைதான், மறுக்கவில்லை. அதை உடம்பும் மனமும் நிதானமாக இருக்கும் காலத்தில் வைத்துக்கொள்ளலாம். துக்கத்தின் முதல் நாட்களில் வேளைக்கு ஏதாவது வயிற்றுக்குள் போவதும், நாலைந்து மணி நேரமாவது கண்ணை மூடுவதும்தான் உங்கள் வழிபாடு. தூக்கம் தொடர்ந்து பல நாள் வரவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: உள்ளதைச் சொல்லுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன். ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். கடவுள் முன்னால் போனதும் மரியாதையான வார்த்தைகளைத் தேடுகிறோம். "எல்லாம் உன் சித்தம்" என்று வாய் சொல்கிறது, உள்ளே நெருப்பு எரிகிறது. அந்த இடைவெளி நாளாக ஆகப் பெரிதாகி, கடைசியில் கும்பிடுவதே நடிப்பாகத் தோன்றி, ஒருநாள் நின்றுபோகிறது.

பக்தியில் பழுத்தவர்கள் இப்படிப் பூசி மெழுகியதே இல்லை. சுந்தரர் ஒரு கண்ணில் பார்வை இல்லாமல் திருவாரூரில் வந்து நின்று பாடிய பாட்டைப் பாருங்கள். உமக்கே ஆளாகி, வேறு யாரையும் வேண்டாமல் இருக்கும் அடியார் தங்கள் அல்லலைச் சொன்னால் நீர் சும்மா இருப்பீர், சரி, "வாழ்ந்து போதீரே" என்கிறார். நல்லா இருந்துட்டுப் போங்க என்று கடவுளைப் பார்த்தே சொல்கிறார்! அந்தப் பாட்டைத் தள்ளி வைக்காமல் தேவாரத்துக்குள்ளேயே வைத்து இன்றுவரை பாடுகிறோம்.

பைபிளின் சங்கீதங்கள் 150. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவை புலம்பல் வகை. 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் வருவதில்லை. குர்ஆனில் யாகூப் நபி மகன் யூசுபை இழந்து அழுது அழுது கண் வெளுத்துப்போகிறார். சுற்றியிருப்பவர்கள் கடிந்துகொள்ளும்போது, என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுகிறேன் என்கிறார். அழகான பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் மனிதர் அவர். முறையிடுவதும் பொறுமையும் ஒரே மனத்தில் சேர்ந்து இருக்க முடியும் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

கீதையின் முதல் அத்தியாயத்துக்குப் பெயரே அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் துயரம். கண்ணன் உபதேசத்தைத் தொடங்குவது இரண்டாம் அத்தியாயத்தில்தான். அதற்கு முன் ஒருவன் உடைந்து பேசுவதை முழுமையாகப் பேச விட்டு, அதற்கும் யோகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, இதை எப்படிச் செய்வது?

தனியாக இருக்கும் ஒரு பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறையாக இருந்தாலும் பரவாயில்லை, நிறுத்தி வைத்த வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை. வாய்விட்டுப் பேச முடிந்தால் பேசுங்கள், முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதுங்கள். மனதுக்குள் மட்டும் சொல்வது முதல் தடவைக்குச் சரிப்படாது, பாதியில் வேறு எங்காவது ஓடிவிடும். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சிவனே, பெருமாளே, அம்மா, ஆண்டவரே, யா அல்லாஹ், எது உங்கள் வாயில் வருமோ அது. அப்புறம் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், தெரியாத ஒருவருக்குச் சொல்வது போல விவரமாக. எது வலிக்கிறது, யார் மேல் கோபம், கடவுள் மேலேயே கோபமா, அதையும். கடைசியாக என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். அத்தோடு நிறுத்திவிடலாம். நன்றி சொல்லித்தான் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மனதில் இல்லாத நன்றி வாயில் வேண்டாம்.

என் முதல் முறையீடு மூன்று வாக்கியம்தான். அதில் ஒன்று கேள்வி, இரண்டு வசவு. அழுது முடித்து முகம் கழுவியபோது ஒன்று உறைத்தது. இல்லாத ஒருவரை யாரும் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: ஒரே வரி, ஒரே நேரம்

முறையீடு தினமும் செய்யக்கூடியது இல்லை, அது ஆளை உருக்கிவிடும். தினசரிக்கு வேறு ஒன்று வேண்டும், சின்னதாக.

ஏற்கெனவே யாரோ சொல்லி வைத்த வரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக வார்த்தை தேடும் தெம்பு கஷ்ட காலத்தில் இருக்காது. பல தலைமுறை நாக்குகளில் உருண்டு வழவழப்பான வரிகள் அதற்காகத்தான் இருக்கின்றன. ஒரு நாமமாக இருக்கலாம், ஐந்தெழுத்தோ எட்டெழுத்தோ இருக்கலாம், சங்கீதத்தில் ஒரு வசனம், குர்ஆனில் ஓர் ஆயத். எதை எடுப்பது என்று குழம்பினால், சின்ன வயதில் வீட்டில் யார் வாயிலாவது கேட்டதை எடுங்கள். அர்த்தத்துக்கு முன்னால் அந்தக் குரல் வந்து பக்கத்தில் உட்காரும்.

என் முஸ்லிம் நண்பர் எனக்குச் சொன்னது குர்ஆனின் 94ஆம் அத்தியாயம். எட்டே வசனங்கள். அதில் துன்பத்துடன் எளிமை இருக்கிறது என்ற வாக்கியம் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. "துன்பத்துக்குப் பிறகு" என்றில்லை, "துன்பத்துடன்" என்றுதான் இருக்கிறது, அதைக் கவனி என்றார். பிறகு என்றால் காத்திருக்க வேண்டும். உடன் என்றால் இன்றைக்கே எங்கோ இருக்க வேண்டும், தேடலாம். அந்த ஒரு சொல் எனக்குப் பல நாள் வேலை கொடுத்தது.

நேரத்தை மாற்றாதீர்கள். எழுந்தவுடனோ படுக்கும் முன்னரோ, ஐந்து நிமிடம். அதற்கு மேல் செய்யத் தோன்றினாலும் முதல் சில வாரங்கள் ஐந்திலேயே நிறுத்துங்கள். ஆவேசத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மூன்றாம் நாள் கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படுவதே இறைவனுக்கு மிகப் பிரியமான செயல் என்று நபிமொழி உண்டு. பயிற்சி விஷயம் தெரிந்த எவரும் அதைத்தான் சொல்வார்கள்.

எண்ணிக்கை வைத்துக்கொள்வது உதவும். இந்துக்களின் ஜபமாலையில் 108 மணி, முஸ்லிம்களின் தஸ்பீஹ் மாலையில் 33 அல்லது 99, கிறிஸ்தவர்களின் ஜெபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து கோவை. மணி நகர்வது விரலுக்கு ஒரு வேலை. மனம் அலைந்தாலும் விரல் அடுத்த மணிக்குப் போய்விடும். இதில் உடம்பின் பங்கும் இருக்கிறது. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 23 பேரை ஜெபமாலை ஜெபத்தை லத்தீனில் சொல்லச் செய்தார்கள், "ஓம் மணி பத்மே ஹூம்" என்ற பௌத்த மந்திரத்தையும் சொல்லச் செய்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 என்ற அளவுக்கு நிதானப்பட்டது, இதயத் துடிப்பின் தாளமும் அதோடு இசைந்தது. சாதாரணமாகச் சும்மா இருக்கும்போது நாம் விடும் மூச்சு 12க்கு மேல். வெவ்வேறு கண்டத்தில், வெவ்வேறு மொழியில், ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் சொல்லி வந்த இரண்டு ஜெபங்களும் ஒரே மூச்சளவில் வந்து நிற்கின்றன என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். அதனால் அவசரமாக எண்ணிக்கையை முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு மூச்சுக்கு ஒரு வரி போதும்.

ஒன்றும் உணர்வு வராது. அதைத் தெரிந்துகொண்டே உட்காருங்கள். முதல் வாரம் வறண்ட கட்டையைத் தேய்ப்பது போலத்தான் இருக்கும். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தபோது உலகமே திகைத்தது. பல பத்தாண்டுகள் கடவுள் அருகில் இருப்பதையே உணராமல், உள்ளே இருட்டோடு அவர் வாழ்ந்திருக்கிறார். அந்த ஆண்டுகளிலும் வேலையையும் ஜெபத்தையும் அவர் விட்டுவிடவில்லை. உணர்வு இல்லாமல் போவது நீங்கள் தவறாகச் செய்வதன் அடையாளம் அல்ல.

நான்காம் படி: கூட ஒருவர்

யூதர்களிடம் இறந்தவருக்காகச் சொல்லப்படும் கதீஷ் என்ற ஜெபம் உண்டு. மரபுப்படி பத்துப் பேர் கூடினால்தான் அதைச் சொல்ல முடியும். துக்கப்படுகிறவர் தனியாக வீட்டுக்குள் இருந்து சொல்லிவிட முடியாதபடி யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். அதில் சாவைப் பற்றி ஒரு சொல் இல்லை, முழுக்க இறைவனின் புகழ்தான். அந்தப் புகழைச் சொல்லத் தெம்பில்லாதவரைச் சுற்றி ஒன்பது பேர் நின்று சேர்ந்து சொல்கிறார்கள். நம்பிக்கை ஒருவரிடம் தீர்ந்துபோகும்போது மற்றவரிடமிருந்து கைமாற்றாக வாங்கிக்கொள்ளலாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

பத்துப் பேர் தேவையில்லை, ஒருவர் போதும். ஆனால் யார் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவிக்கும் யோபுவின் கதையில் நண்பர்கள் மூவர் வருகிறார்கள். ஏழு நாள் ஏழு இரவு தரையில் அவனோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்களைப் போல நண்பர்கள் கிடையாது. எட்டாம் நாள் முதல் காரணம் சொல்லத் தொடங்குகிறார்கள்: நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், அதனால்தான். கதையின் முடிவில் கடவுள் கோபப்படுவது முறையிட்ட யோபுவின் மேல் அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்கள் மேல்.

காரணம் சொல்லாமல் உட்காரத் தெரிந்தவரைத் தேடுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் இப்படிக் கேட்கலாம்: "எனக்கு அறிவுரை வேண்டாம். வாரத்துக்கு ஒருநாள் அரைமணி நேரம் கூட உட்கார்ந்திருக்க முடியுமா? எனக்காக நீங்கள் கும்பிட்டால் போதும்." என் கிறிஸ்தவ நண்பரிடம் நான் கேட்டது இதுதான். அவர் வந்தார். பெரும்பாலும் பேசவில்லை. ஒருமுறை மட்டும், "உனக்கு வேண்டிக்கொள்ள முடியாத நாளில் எனக்கு ஒரு மெசேஜ் போடு, அன்றைக்கு உன் பங்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நான் போட்ட நாட்கள் நிறைய.

காரணம் சொல்பவர்கள் எப்படியும் வருவார்கள். "எல்லாம் நன்மைக்கே", "போன ஜென்மத்து வினை", "கடவுளுக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்". சண்டை போட வேண்டாம், அவர்களும் அன்பில்தான் சொல்கிறார்கள். "வந்ததற்கு நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். குலசேகர ஆழ்வார், வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவன் மேல் நோயாளிக்குக் காதல் மாளாது, அதுபோலத்தான் நானும் என்கிறார். எவ்வளவு பெரிய வார்த்தை! ஆனால் அது வலியைத் தாங்குகிறவர் தன் வாயால் சொல்லவேண்டியது. பக்கத்தில் நிற்பவர், அறுபடுகிறவரிடம் சொல்லக்கூடாது. நீங்கள் நாளை வேறு ஒருவரின் துக்கத்துக்குப் போகும்போதும் இது நினைவிருக்கட்டும்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எங்காவது கூட்டு வழிபாட்டுக்குப் போக முடிந்தால், பின்வரிசையில் நில்லுங்கள். வாய் திறக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பாடுவது காதில் விழுந்தால் போதும்.

ஐந்தாம் படி: எதைக் கேட்பது, எதைச் செய்வது

"ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வை" என்ற நபிமொழி பலருக்கும் தெரியும். இதைத் தாளில் செய்து பார்ப்பது நல்லது. நடுவில் ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம், இந்த வாரம் நான் செய்யக்கூடியது. மறுபக்கம், என் கையில் இல்லாதது. கடன் என்றால், கொடுத்தவரைச் சந்தித்துத் தவணை கேட்பது முதல் பக்கம், அவர் சம்மதிப்பது மறுபக்கம். நோய் என்றால், மருந்து வேளை தவறாமல் இருப்பது முதல் பக்கம், உடம்பு மருந்தை ஏற்பது மறுபக்கம். முதல் பக்கத்தில் ஒன்றைச் செய்யுங்கள். மறுபக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டுங்கள். இரண்டையும் ஒன்றாகத் தூக்கிச் சுமந்ததால்தான் பாதிப் பாரம் என்பது எழுதும்போது தெரியும்.

வேண்டும்போது தயங்காமல் நேராகக் கேளுங்கள். தம்பி பிழைக்க வேண்டும் என்றுதான் கேட்டேன், அதில் எனக்கு இன்றும் வெட்கம் இல்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசு, இந்தத் துன்பப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும் என்று ஒரே வேண்டுதலை மூன்று முறை கேட்டார். அது நீங்கவில்லை. கேட்டது கிடைக்காமல் போனால் உங்கள் பக்தி குறைவு என்று யாராவது சொன்னால், அந்தத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்காமல் போன பிறகு என்ன மிஞ்சும்? எனக்கு மிஞ்சியதைச் சொல்கிறேன். இருபதாம் நாள் காலையில், வழக்கமான நேரத்தில், பழக்கத்தில் வாய் அதே வரியைச் சொன்னது. வேண்டுவதற்கு ஒன்றும் இல்லை, வரி மட்டும் இருந்தது. அன்றுதான் முதல்முறையாகக் கேட்பதற்காக இல்லாமல் போய் உட்கார்ந்தேன். துக்கம் குறையவில்லை. ஆனால் துக்கத்தோடு போய் உட்கார ஓர் இடம் இருந்தது.

இங்கே நின்று கவனிக்க வேண்டியவை

நம்பிக்கையால் காயம்படவும் முடியும், அதை மறைப்பது தவறு. 55 வயதைத் தாண்டிய ஏறக்குறைய 600 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், என் மேல் அவருக்கு அன்பில்லை என்ற போராட்டத்தில் சிக்கியிருந்தவர்களிடம் இறப்பு அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. கோபத்தில் ஒருநாள் கேட்பது வேறு. "இது எனக்குத் தண்டனை" என்ற எண்ணம் வாரக்கணக்கில் உள்ளேயே குடியிருப்பது வேறு. இரண்டாவது நிலையில் இருந்தால் தனியாக அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நிதானமான ஒரு குருவிடமோ பாதிரியாரிடமோ இமாமிடமோ, ஒரு மனநல ஆலோசகரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். இருவரிடமும் போகலாம், ஒன்று மற்றொன்றுக்குத் தடையில்லை.

மருந்தை நிறுத்து, என்னை நம்பு என்று சொல்பவரிடமிருந்து விலகுங்கள். இவ்வளவு பணம் கட்டினால் இன்ன தேதிக்குள் சரியாகிவிடும் என்பவரிடமிருந்தும், இங்கே வருவதை நிறுத்தினால் கேடு வரும் என்று பயமுறுத்துபவரிடமிருந்தும் விலகுங்கள். கஷ்டத்தில் இருப்பவரின் பயத்தை விலை பேசுவதைப் போலக் கொடுமை வேறில்லை. நல்ல வழிகாட்டி உங்களைத் தன்னிடம் கட்டிப்போட மாட்டார்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மேலே சொன்ன படிகள் எல்லாம் காத்திருக்கட்டும். அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், இல்லையென்றால் அவசர சிகிச்சைக்குப் போங்கள். எலியாவும் சாவைக் கேட்டவர்தான். தட்டி எழுப்ப ஒருவர் வந்தார். நீங்கள் குரல் கொடுத்தால்தான் மனிதர்கள் வர முடியும்.

முதல் வாரத்துக்கு

முதல் இரண்டு நாட்கள் சாப்பாடும் தூக்கமும் மட்டும். மூன்றாம் நாள் அந்தப் பத்து நிமிட முறையீடு. நான்காம் நாள் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் ஒருவருக்குப் போன் செய்து அந்த அரைமணி நேரத்தைக் கேளுங்கள். ஆறாம் நாள் தாளில் கோடு போட்டு, முதல் பக்கத்தில் ஒன்றை மட்டும் முடியுங்கள். ஏழாம் நாள், உங்களைப் போலக் கஷ்டத்தில் இருக்கும் வேறு ஒருவரின் பெயரை உங்கள் வரியோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

நடுவில் ஒருநாள் விட்டுப்போகும். நிச்சயமாக விட்டுப்போகும். அதை ஈடுகட்ட மறுநாள் பத்து நிமிடம் உட்கார வேண்டாம். அதே நேரம், அதே ஐந்து நிமிடம், அதே வரி.